இடது முழங்கை

ஸ்ரௌவ்வில்
ஜூன் 8

தம்பி லவன்,

ஐந்து கிழமையாக நீ போனை எடுக்கவில்லை. என் செய்திகளையும் தடுத்து வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆகவே கடிதம். மட்டக்களப்பில் ஆறாம் வகுப்புவரை படித்த தமிழை நீ மறந்திருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் அணியின் உடைமாற்றும் அறையில் இது யார் கையில் அகப்பட்டாலும் ஒரு எழுத்தும் விளங்காது.

உன் கோபம் மே மாதத்தில் நடந்ததற்காக. இங்கே ரொறன்ரோவில் மேஜர் லீக் பேஸ்போல் அணியில் பந்தெறியும் பிட்சர் ஒருவருக்கு இடம் காலியானது. உங்கள் மைனர் லீக் அணியில் உன்னை விட்டுவிட்டு இருபத்தொரு வயதுப் பையன் ஒருவனை மேலே அழைத்தார்கள். அக்கா அந்தக் கழகத்தின் அலுவலகத்தில்தானே இருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் கேட்டாயாம். இந்த வேலையில் சேர்ந்த அன்றே நான் ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன் லவன். உன் பெயர் பேச்சில் வந்தால் நான் எழுந்து வெளியே போகவேண்டும். மே மாதமும் போனேன். தாழ்வாரத்தில் இருபது நிமிடம் நின்றேன். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் நிலைமை பத்திரிகையில் வந்ததுதான், ஆகவே சொல்லலாம். தொடக்கப் பிட்சர்கள் ஐந்து பேரில் இருவருக்கு முப்பத்துநாலு வயது தாண்டிவிட்டது. ஒருவரின் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. இன்னொருவருக்குத் தோள்பட்டையில் பிரச்சினை. அணி கோப்பைக்குப் போட்டி போடும் நிலையில் இருக்கிறது, ஆனால் இடது கையால் எறிய ஆளில்லை. ஜூலை முடிவதற்குள் வேறு கழகத்திலிருந்து ஒருவரை வாங்குவதா, நாங்கள் வளர்த்தவர்களில் ஒருவரை ஏற்றுவதா என்று தினமும் வாக்குவாதம். வாங்கினால் பதிலுக்கு எங்கள் இளம் பையன்களில் இரண்டு பேரையாவது கொடுக்கவேண்டும். எவனைக் கொடுத்தால் ஐந்து வருடம் கழித்துத் தலையில் அடித்துக்கொள்ள மாட்டோம் என்று கணித்துச் சொல்வதுதான் என் வேலை. செய்யச் செய்ய எனக்கே என்னைப் பிடிக்காமல் போகும் நாட்களும் உண்டு.

இப்போது எழுத வந்த விஷயம். உன் பந்தின் வேகம் ஏப்ரலில் இருந்ததைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருக்கிறது. பந்து உன் கையை விட்டுப் புறப்படும் உயரமும் மூன்று அங்குலம் இறங்கியிருக்கிறது. கழகத்தின் கணினியில் உன் பக்கத்தை நான் பார்க்கக்கூடாது. பார்த்தேன். கை அப்படி இறங்கினால் முழங்கைக்கு நோகாமல் எறியப் பார்க்கிறாய் என்று அர்த்தம். வலிக்கிறதா? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா
பிரசாந்தினி


மான்ஸ்ஃபீல்ட், ஓஹாயோ
ஜூன் 19

அக்கா,

கை நன்றாக இருக்கிறது. ஒரு வரிதானே கேட்டாய், தந்துவிட்டேன்.

என் தமிழில் பிழை பிடிக்காதே. எழுதி எத்தனை வருடம்.

தாழ்வாரத்தில் நின்றாயா? நீ கொஞ்சம் மெதுவாக எழுந்து போயிருக்கலாம். கதவில் கை வைத்துக்கொண்டு, அவன் ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தன் முறையைத் தவறவிடவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீ வகுப்பிலும் இப்படித்தான். மணி அடிக்க முன்னமே வரிசையில் நிற்பாய்.

இங்கே எப்படி என்று உன் கணினி சொல்லாது, நான் சொல்கிறேன். இந்த அணியில் இரண்டு வகைப் பிட்சர்கள். முதல் வகை, கழகம் பெரிய விலை கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பையன்கள். அவர்கள் எண்பது பந்து எறிந்ததும் கோச் நடந்து வந்து பந்தை வாங்கிவிடுவார், கை பழுதாகக்கூடாதாம். மிச்ச இன்னிங்ஸை யாராவது எறியத்தானே வேண்டும். அதுதான் இரண்டாம் வகை. அவர்களுடைய கையை மிச்சம் பிடிப்பதற்கு என் கையைச் செலவழிக்கிறார்கள். நீங்கள் அங்கே இருந்து வளர்ப்பு, வளர்ப்பு என்கிறீர்களே, அது இதுதான்.

என் ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது. அதற்குள் உங்கள் நாற்பது பேர் பட்டியலில் என் பெயர் ஏறினால் நான் மேஜர் லீக்காரன். ஏறாவிட்டால் எந்தக் கழகத்துக்கும் போகலாம், சுதந்திரமானவன். இருபத்தேழு வயதில், ஒருவரும் கேள்விப்படாத பெயரோடு, அந்தச் சுதந்திரத்தை வைத்து என்ன செய்வது? ராகுலன் மச்சான் ஹீட்டர் பூட்டும் தன் கொம்பனியில் எனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறானாம். ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் அதைச் சொல்கிறான். நல்ல மனம்தான், ஆனால் கேட்கும்போது எரிச்சல் வருகிறது.

வலி என்ற சொல்லை அணியின் வைத்தியரிடம் ஒரு தரம் சொன்னால் போதும், பெயர் காயக்காரர் பட்டியலுக்குப் போய்விடும். ஜூலையில் காயக்காரனை யார் மேலே அழைப்பான்? ஆகவே கை நன்றாக இருக்கிறது. திரும்பக் கேட்காதே.

லவன்


ஸ்ரௌவ்வில்
ஜூலை 3

லவன்,

திரும்பக் கேட்கிறேன்.

போன ஞாயிறு அம்மா என்னை வோபர்னுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். இங்கே கார் இல்லாமல் கறிவேப்பிலைகூட வாங்கமுடியாது, ஆகவே அவள் எங்கே போனாலும் எனக்குத் தெரிந்துவிடும். மருந்துச் சரக்கு விற்கும் கடையில் குங்கிலியமும் வேறு என்னவோ பட்டைகளும் வாங்கினாள். பிறகு இரண்டு நாள் வீடு முழுக்க முறிவெண்ணெய் மணம். முழங்காலுக்கு என்றாள். நேற்று அதைப் போத்தலில் ஊற்றிப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், மேலே உன் ஓஹாயோ விலாசம். இது இரண்டாவது போத்தலாம். முதலாவது ஏப்ரலில் அனுப்பியிருக்கிறாள், எமில்டா அன்ரியின் காரில் தபாலகம் போய். என்னிடம் சொல்லமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து தந்திருந்தாளாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு ஒன்றும் செய்ய எனக்கு வரவில்லை.

ஆனால் கேள். நீ சைக்கிளால் விழுந்து கை முறிந்தபோது அந்த எண்ணெய் சுகப்படுத்தியது என்றுதான் அவள் இன்னும் நம்புகிறாள். அது எலும்பு. இது முழங்கையின் உள்பக்கத்து நார். எண்ணெய் நோவைக் குறைக்கும், அறுந்துகொண்டிருப்பதை ஒட்டாது. நோவு குறைந்தால் நீ இன்னும் பலமாக எறிவாய். எனக்குப் பயம் அதுதான். இன்று கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்றே என் காதில் விழவில்லை. வைத்தியரிடம் போ. நான் சொல்லி நீ போகக்கூடாது, நீயாகப் போ.

அக்கா


மான்ஸ்ஃபீல்ட்
ஜூலை 21

அக்கா,

விரைவுத் தபாலில் போடுகிறேன். இதற்குள் நீ கேள்விப்பட்டிருப்பாய். கேள்விப்பட்டது பாதிதான்.

சனிக்கிழமை பகல் ஆட்டம், கொளுத்தும் வெயில். நாலு இன்னிங்ஸ் ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. நாலாவது முடிந்து வரும்போது அம்பயர் வழக்கம்போலக் கையைக் காட்டச் சொன்னார். எல்லாப் பிட்சருக்கும் நடப்பது, பந்தில் பிசின் பூசி ஏமாற்றுகிறானா என்று பார்ப்பார்கள். என் உள்ளங்கையைத் தொட்டார். விரலை எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு அம்பயரைக் கூப்பிட்டார். அவர் என் மணிக்கட்டை மணந்து பார்த்தார். முழுக்கைச் சட்டைக்குள் முழங்கையில் பூசியது வியர்வையோடு இறங்கி விரல்வரை வந்திருக்கிறது. எனக்கே தெரியாது அக்கா. அம்மாவாணை தெரியாது.

வெளியே போகச் சொன்னார்கள். பத்து ஆட்டத் தடை. சனம் கூவியது, அது பரவாயில்லை. எங்கள் பெஞ்சில் ஒருவன்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருடம் அவர்களின் மிச்ச இன்னிங்ஸ் எல்லாம் எறிந்தவன் நான்.

மனேஜர் அறைக்குக் கூப்பிட்டு, அது என்ன என்று கேட்டார். முழங்கைக்குப் பூசியது என்றால் காயக்காரன். பேசாமல் இருந்தால் கள்ளன். நின்ற நிலையில் வாயில் வந்ததைச் சொன்னேன். கோயில் எண்ணெய், எங்கள் சமயத்தில் பெரிய வேலை தொடங்க முன் கையில் பூசுவோம், அம்மா பூசை செய்து அனுப்பினது என்றேன். அவர் முகம் இளகிவிட்டது. சமயம் என்றால் இவர்கள் மேலே ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். ரொறன்ரோவுக்கு எழுதுகிறேன், உன் அக்காவே அங்கே இருக்கிறாள், அவள் உறுதிப்படுத்தினால் லீக்கிடம் முறையிடலாம், கழகத்துக்கும் உன்மேல் சந்தேகம் இருக்காது என்றார்.

ஆகவே உன்னைக் கூப்பிடுவார்கள். நீ ஒரு சொல் சொன்னால் போதும். ஓம், கோயில் எண்ணெய். அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும்? இத்தனை வருடத்தில் நான் உன்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. மே மாதம்கூட அம்மாவிடம்தான் புறுபுறுத்தேன். இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

வலி உண்டு. மார்ச்சிலிருந்து. சொல்லிவிட்டேன், திருப்தியா?

லவன்


ஸ்ரௌவ்வில்
ஜூலை 27

லவன்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசையைச் சுற்றி நான்கு பேர். உன் பெயரைச் சொல்லி என்னை உள்ளே அழைத்தது அதுதான் முதல் தடவை. உதவிப் பொது மேலாளர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். இதைக் கேட்பதே பிழை என்றால் நான் பதில் சொல்லத் தேவையில்லை என்றார். நீ எழுதித் தந்த சொல்லை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டுதான் போயிருந்தேன். நான் சொன்னால் அவர்கள் நம்புவார்கள். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

சொல்லவில்லை. அது முறிவுக்குப் பூசும் எண்ணெய், அவனுக்கு மார்ச்சிலிருந்து முழங்கை வலி, காய்ச்சியது அம்மா, தபாலில் போட்டது நான் என்று சொன்னேன். பந்தை ஏமாற்றுவதற்கு அவன் பூசவில்லை, அந்தளவுக்கு அவனுக்குப் புத்தியும் இல்லை என்றேன். ஒருவர் சிரித்தார்.

இந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தை வரி வரியாகத் தெரிந்தவள் நான். குங்கிலியம் மரத்துப் பிசின், பிசின் பிட்சரின் கையில் இருக்கக்கூடாது. ஒரு சின்னப் பிள்ளைக்கு விளங்கவேண்டிய விஷயம். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபாலகத்தில் வரிசையில் நின்றபோது என் மண்டையில் அது ஏறவேயில்லை. வீட்டில் அது மருந்து. மருந்தை யாராவது விதிப் புத்தகத்தில் தேடுவார்களா?

நீ கேட்ட ஒரே ஒரு உதவி. தெரியும். ஆனால் சனிக்கிழமை நீ எறிந்ததை நான் பந்து பந்தாகப் பார்த்தேன். ஓட்டம் கொடுக்கவில்லைதான். கை இன்னும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. கோயில் எண்ணெய் என்று நான் சொல்லியிருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு உன்னை அனுப்பி வைத்தவள் நானாக இருப்பேன்.

தடையை லீக் நீக்காது. கழகம் உன்னைக் கள்ளனாக நினைக்கவில்லை, அது மட்டும் உறுதி. நேற்று வேறு கழகத்திலிருந்து ஒரு இடதுகைப் பிட்சரை வாங்கினார்கள். பதிலுக்கு இரண்டு பையன்களைக் கொடுத்தார்கள். அதில் ஒருவன் மே மாதம் உன்னை முந்திக்கொண்டு மேலே போன அதே பையன். பெட்டி கட்ட அவனுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை உனக்கு ஸ்கான். என்னை மன்னிக்கவேண்டாம், ஸ்கானுக்குப் போ.

அக்கா


ஸ்ரௌவ்வில்
ஓகஸ்ட் 17

லவன்,

மூன்று கிழமை. ஸ்கான் முடிந்துவிட்டது என்று தெரியும், முடிவு தெரியாது. உன் பக்கத்தை நான் திறக்கமுடியாதபடி பூட்டிவிட்டார்கள். எண்ணெய் விஷயம் ஜூலை தொடக்கத்திலேயே தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு எழுத்தில் எச்சரிக்கையும் கிடைத்தது. சரிதான், நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இதை அம்மாவுக்காக எழுதுகிறேன். புனிதவதி அன்ரியின் மகன் கஜீவன் நீ வெளியேற்றப்பட்டதை இணையத்தில் பார்த்துவிட்டு வீட்டில் சொல்ல, அன்ரி கோயிலில் வைத்து அம்மாவிடம் கேட்டுவிட்டா. அம்மா வீட்டுக்கு வந்து எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக் குப்பைப் பெட்டியில் போட்டாள், சட்டியோடு. "என்ர கையாலதானே என்ர பிள்ளைக்குக் கேடு வந்தது," என்கிறாள். சமைப்பதை என்னிடம் விட்டுவிட்டாள். எனக்கு எழுதாவிட்டால் பரவாயில்லை. அவளுக்கு ஒரு போன் எடு.

அக்கா


மான்ஸ்ஃபீல்ட்
ஒக்டோபர் 2

அக்கா,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இடது கையை அசையாமல் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள், வலது கையால் எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது.

அம்மாவோடு கதைத்தேன், சொல்லியிருப்பாள். அவளை அழாமல் இருக்கச் சொல்லி நான் அழுதேன்.

நார் பாதிக்கு மேல் கிழிந்துவிட்டது. இன்னும் ஒன்றோ இரண்டோ ஆட்டம் எறிந்திருந்தால் முழுவதும் போயிருக்கும் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் சொன்னார். இப்போது தைத்து இறுக்கினால் ஒரு வருடத்தில் எறியலாமாம். எறியலாம் என்றுதான் சொன்னார், பழையபடி எறியலாம் என்று சொல்லவில்லை. ஆகவே நீ செய்தது சரி. பிழையாக இருந்திருந்தால் உன்னோடு கோபப்படுவது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். இரண்டு மாதம் எழுதாததற்கு அதுதான் காரணம்.

உங்கள் கழகம் ஒரு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இரண்டு வருடம், மைனர் லீக்தான். சத்திரசிகிச்சை, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேறு ஒரு வாக்குறுதியும் இல்லை. முடியும்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மற்றப் பக்கம் ராகுலன் நிற்கிறான். இம்மாதம் இருபதாம் திகதிக்குள் பதில் சொல்லவேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்த எண்ணெய் விஷயம் நடக்காமல் இருந்திருந்தால், அல்லது நீ கோயில் என்று சொல்லியிருந்தால், என்னை அழைத்திருப்பார்களா? நான் மிச்ச இன்னிங்ஸ் எறியும் ஆள்தான் என்றால் இத்தோடு விடுகிறேன், வெட்கமில்லாமல் விடுகிறேன். அப்படி இல்லை என்றால் ஒரு வருடம் என்ன, இரண்டு வருடமும் இருப்பேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லக்கூடாது என்று விதி இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்.

லவன்


ஸ்ரௌவ்வில்
ஒக்டோபர் 11

லவன்,

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வேலைக்குப் போகிற வழியில் ஒரு தரம், காரை நிறுத்திவிட்டு ஒரு தரம் என்று எடுத்துப் பார்க்கிறேன்.

இல்லை என்று எழுதினால் நீ ராகுலனிடம் போவாய். ஹீட்டர் பூட்டுவாய், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சாப்பிடுவாய், உன் முழங்கையைப் பற்றி நான் இனி ஒரு நாளும் பயப்படத் தேவையில்லை. எனக்கு வேண்டியது அதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். அறைக்குள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியும் எனக்குத் துணை. இல்லை என்று இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கதிரையில் உட்காரும்போது மேசையில் ஒரு தாள் கிடந்தது. கவிழ்த்து வைக்க மறந்துவிட்டார்கள். வேறு கழகத்திலிருந்து வாங்கும் திட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே ஓகஸ்ட் ஐந்தாம் திகதி ஆட்டம், தொடக்கப் பிட்சர் என்ற இடத்தில் உன் பெயர். தடை முடிந்ததும் நாற்பது பேர் பட்டியலில் ஏற்றவேண்டும் என்று பக்கத்தில் கையால் எழுதியிருந்தது. ஓம் லவன். உன்னைத்தான் அழைக்க இருந்தார்கள்.

அதைக் கண்ட பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். அக்கா தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அப்படி இல்லை. தெரிந்துதான் சொன்னேன். பிறகு கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அந்த மைதானத்தின் நடுவில் நீ நின்று எறிவதைப் பார்க்க உன்னைவிட எனக்கு ஆசை, அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஓகஸ்ட் ஐந்தாம் திகதி வயிற்று வலி என்று லீவு எடுத்தேன்.

இனி நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேனா என்றுகூட இன்னும் எனக்குத் தெரியாது.

அக்கா


மான்ஸ்ஃபீல்ட்
ஒக்டோபர் 18

அக்கா,

நாலு தரம் வாசித்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து நேற்று அனுப்பிவிட்டேன். சத்திரசிகிச்சை நவம்பர் நாலாம் திகதி.

அதற்கு முன் ஒரு கிழமை வீட்டுக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விமானம் இறங்கும். அம்மாவைக் கூட்டி வராதே, தனியாக வா. விமான நிலையத்திலிருந்து ஸ்ரௌவ்வில் வர ஒரு மணித்தியாலம் எடுக்கும்தானே. அந்த ஒரு மணித்தியாலமும் நான் உன்னோடு கோபமாக இருக்கவேண்டும். வீட்டுக்குள் வந்தால் அது முடியாது.

லவன்